நடந்த விவரம்

ஜனவரி 5, ஞாயிறு

காலையில் அம்மாவோடு உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தேன். விரல் நுனியெல்லாம் சாயம். அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன்.

நேற்று மாலை அந்தியூர் சந்தைத் திடலில் நிகழ்ச்சி. தவமணியக்காவின் குழுவில் நான் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. அக்கா பாடுவார். உருமி சின்ராசண்ணன், கீபோர்டு பெனடிக்ட். எனக்குப் பாடவும் தெரியாது, கொட்டவும் தெரியாது. கையெழுத்து நன்றாக இருக்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், எங்கள் தெருவிலும்.

ஊருக்கு வெளியே இருக்கும் சாயப்பட்டறையில் போன வருஷம் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய மூன்று பேர் விஷவாயுவில் செத்துப்போனார்கள். அவர்கள் உள்ளே இருக்கும்போதே மேலே மூடியைப் போட்டுவிட்டார்கள் என்று அக்கா பாட்டுக் கட்டினார். 'தொட்டிக்குள்ள மூணு பேரு, மூடி போட்ட கை யாரு?' அடுத்த வரியில் முதலாளியின் பெயர் வரும். அந்த ஒரு வரிக்காக அக்காவை இருபத்தாறு நாள் ஜெயிலில் வைத்தார்கள். அந்தப் பாட்டை எந்த மேடையிலும் பாடக் கூடாது, வேறு எந்தப் பாட்டைப் பாடினாலும் மூன்று நாள் முன்னதாக அதன் பிரதியை வழக்கு இருக்கும் நஞ்சைப்பாளையம் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஜாமீன். மீறினால் மறுபடியும் ஜெயில். அக்காவின் மகள் பத்தாம் வகுப்பு. வீட்டில் வேறு ஆள் இல்லை.

பிரதி எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

நேற்று அக்கா கழுத்தில் விசிலும் காலில் கேன்வாஸ் ஷூவுமாகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினார். காவலுக்கு நின்ற போலீஸ்காரரைப் பார்த்து, "ஏனுங் தம்பி, மீசை எடுப்பா இருக்குது. உங்க மேல ஒரு பாட்டுக் கட்டட்டுங்களா? பிரதி குடுத்துட்டுத்தான் பாடுவனுங்" என்றார். போலீஸ்காரரே சிரித்துவிட்டார். ஆற்றைப் பற்றிய பாட்டின் நடுவில் அக்கா சட்டென்று நிறுத்தி மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். அவர் வாயைத் திறக்கவில்லை. ஆயிரம் பேர் பாடினார்கள்: "மூடி போட்ட கை யாரு?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 6, திங்கள்

அடுத்த நிகழ்ச்சிக்கான பிரதியோடு ஸ்டேஷன் போனேன். ரைட்டர் சென்னியப்பன் ஐயா வாங்கிப் படித்தார். "கையெழுத்தா இது, அச்சுல போட்டாப்ல இருக்குது! என்ன படிச்சிருக்கறீங்க?" என்று கேட்டார். பி.ஏ. தமிழ் என்றேன். "அடடா, டீச்சர்! டிகிரி படிச்ச புள்ளய நிக்க வெச்சுட்டனே" என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். டீயும் வந்தது.

பாட்டுப் பிரதி மட்டும் போதாதாம். நிகழ்ச்சி முடிந்தபின் 'நடந்த விவரம்' என்று ஒன்று எழுதிக் கொடுத்தால்தான் கோப்பை முடிக்க முடியுமாம். "என்ன பாடுனாங்க, எப்படி நின்னாங்க, ஜனம் என்ன பண்ணுச்சு, அவ்வளவுதான். நீங்க எழுதுனா நல்லா இருக்கும்." அங்கேயே அந்தியூர் விவரத்தை எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். ஒரு அடித்தல் கூட இல்லை.

கூட்டுறவு வங்கி வேலைக்கு நன்னடத்தைச் சான்று வேண்டும் என்பதையும் சொன்னேன். "அது என் பொறுப்பு" என்றார்.

நாற்காலி போட்டதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா நூல் சுற்றுவதை நிறுத்தி, "ஸ்டேஷன்லயா?" என்றாள். மறுபடியும் கேட்டாள்.

ஜனவரி 16, வியாழன்

சித்தோடு நிகழ்ச்சிக்கு ஸ்டேஷனிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. அதில் புதிதாக ஒரு நிபந்தனை: 'பாடகி மைக்கைப் பார்வையாளர்களின் பக்கம் நீட்டக் கூடாது.'

"அந்தியூர் சேதி நஞ்சைப்பாளையம் ஸ்டேஷனுக்கு எப்படிப் போச்சு?" என்று பெனடிக்ட் கேட்டான்.

"கூட்டத்துல மப்டில நிப்பாங்கடா" என்றார் அக்கா.

சின்ராசண்ணன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 19, ஞாயிறு

சித்தோடு. அக்கா மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். ஓட்டமும் விசிலும் இல்லை. முதல் வரிசையில் இருந்த பையன்கள், "அக்கா, ஆட்டம் எங்கக்கா?" என்று கத்தினார்கள். "ஆடுனா சுளுக்குதாமா சாமி, கவர்மெண்ட் சொல்லுது" என்றார்.

பிறகு ஒரு தாலாட்டு. அதன் நடுவில் இடது காலால் பலகையை மூன்று முறை தட்டினார். குனிந்து மேடைப் பலகையைப் பார்த்தார். அவ்வளவுதான். கூட்டம் புரிந்துகொண்டது. யாரும் பாடவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விசும்பல் மட்டும் கேட்டது.

ஓடிக் குதித்த அக்காவைவிட இந்த அக்காவைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. பாட்டில் எதுவும் குறையவில்லை. ஓட்டத்தில் இருந்ததெல்லாம் உள்ளே போய்விட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் சின்ராசண்ணன் வேனுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு போனில் பேசினார். என்னைக் கண்டதும் துண்டித்துவிட்டார்.

ஜனவரி 20, திங்கள்

நடந்த விவரம் கொடுத்தேன். மூன்று பக்கம். ரேஷனில் பாமாயில் இல்லை.

ஜனவரி 31, வெள்ளி

குமாரபாளையம் நிகழ்ச்சிக்கான அனுமதிக் கடிதம் வந்தது. நாளை மறுநாள் நிகழ்ச்சி. அக்கா எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"'இடது காலால் மேடையைத் தட்டக் கூடாது. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவரைப் போலக் குனிந்து, மூன்று எண்ணும் நேரம் பேசாமல் நிற்கக் கூடாது.' அடேங்கப்பா! போலீசுக்கு உவமையெல்லாம் வருது பாரு பெனடிக்ட்டு."

"மப்டி போலீஸ் இப்படியெல்லாம் பார்க்காதுங்க்கா. பக்கத்துல இருந்து பார்த்தவன் சொன்னது" என்றான் பெனடிக்ட்.

"எவனோ நல்லா எழுதறான்" என்றார் அக்கா. அப்போது அவர் சிரிக்கவில்லை.

எனக்குத் தலைவலி. இன்று வேறு எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று குமாரபாளையம். அக்கா அசையவே இல்லை. கண்ணை மூடி நேராக நின்று பாடினார். உருமிதான் பேசியது. ஓரிடத்தில் சின்ராசண்ணன் வளைந்த குச்சியைத் தோலில் இழுத்தபோது, மூடிய இடத்துக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல இருந்தது.

இன்று ஸ்டேஷன். ஐயா சான்றிதழ் படிவத்தை எடுத்து மேஜை மேல் வைத்திருந்தார். "இன்ஸ்பெக்டர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி, டீச்சர்." வங்கியில் 28-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். விவரம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஒத்திகை. யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. அக்கா புதுப் பாட்டின் கடைசிப் பகுதியைப் பாடிக் காட்டவில்லை. "மேடையில பார்த்துக்கலாம்" என்றார். பெனடிக்ட் எல்லோருடைய போனையும் ஒரு வாளியில் போடச் சொன்னான். சின்ராசண்ணன் மட்டும் கொடுக்கவில்லை.

"என்ற போனை நான் எதுக்குடா வாளியில போடோணும்?"

"மடியில கனமில்லீன்னா போடலாமல்லண்ணா."

"உன்ற வயசுக்கு நான் ஏழு கேஸ் பார்த்துட்டேன். எனக்குப் பாடம் நடத்தறியா?"

அவருக்குப் புதுப் பைக் வந்திருக்கிறது. நான் கவனித்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உரித்தேன். பிறகு சொன்னேன்: ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் அண்ணன் வேனுக்குப் பின்னால் போய் யாரிடமோ பேசுகிறார். என்னைக் கண்டால் நிறுத்திவிடுகிறார். போனை வாளியில் போடவில்லை. புதுப் பைக்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "சின்ராசா? பதினாலு வருசமா என்கூட இருக்கறவன், புள்ள."

"நான் பார்த்ததைத்தாங்க்கா சொல்றேன்."

"நீ வாயத் தொறக்காத புள்ளை. நீயே சொல்றீன்னா..." என்றார். மறுபடியும் கத்தியை எடுத்தார்.

நான் பார்த்ததைத்தான் சொன்னேன். ஒன்றும் சேர்க்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

சின்ராசண்ணன் போய்விட்டார். நான் சொன்னதைச் சொல்லி அக்கா மெதுவாகத்தான் கேட்டார். பெனடிக்ட்தான் குரலை உயர்த்தினான். அண்ணன் போனை எடுத்து மேஜை மேல் எறிந்தார். அதில் இருந்ததெல்லாம் கல்யாண மண்டபக்காரர்களின் நம்பர். ஒரு செண்டை மேளக் குழுவில் சேர்ந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, ஜரிகை, நெற்றியில் சந்தனம் என்று வேஷம் கட்டிக்கொண்டு கல்யாணங்களில் நிற்பதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். பைக் அந்தக் காசில் தவணைக்கு வாங்கியது.

"அரசியல் பாட்டுக்கு அடிக்கறவன் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அடிக்கறான்னு சிரிப்பீங்கன்னு மறைச்சேன். காட்டிக் குடுத்தேன்னு நினைப்பீங்கன்னு நினைக்கல" என்றார்.

அக்கா, "சின்ராசு, உட்காருடா" என்றார். அவர் உருமியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போகும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பெனடிக்ட், "நம்பர் இருந்தா மட்டும் நல்லவனாயிருவாரா?" என்றான். எல்லோரும் எழுந்து கிளம்பினார்கள். நானும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பவானி. உருமி இல்லை. கீபோர்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அக்கா. தனியாக நின்றார். பிரதியில் இருந்த பாட்டை, இருந்தபடியே, ஒரு எழுத்து மாறாமல் பாடினார். கடைசியில் மைக்குக்கு அருகில் வந்து மூச்சை இழுத்தார். நீளமாக ஒன்று. அடுத்தது அதைவிடக் குட்டை. மூன்றாவதைப் பாதி இழுத்து நிறுத்தினார். விடவில்லை. கூட்டம் மொத்தமும் அவரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு கைக்குழந்தை அழுதபோதுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

கைதட்டல் இல்லை. அக்கா கும்பிட்டுவிட்டு இறங்கினார். படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "இதுக்கு என்ன நிபந்தனை போடுவானுக புள்ள? மூச்சு விடக் கூடாதும்பானுகளா?"

பிப்ரவரி 17, திங்கள்

இந்த முறை ஒரு பக்கம்தான் எழுதிக்கொண்டு போனேன். பாடல்களின் பெயர், நேரம், வந்தவர்களின் எண்ணிக்கை.

"என்ன டீச்சர், கை வலியா?" என்றார் ஐயா. "கடைசில மூச்சு இழுத்தாங்களாமே? நம்ம கான்ஸ்டபிள் சொன்னான், அவனுக்குச் சொல்லத் தெரியல. நீங்க எழுதுனாத்தான் கண்ணு முன்னால நிக்கும்."

பேனாவை நீட்டினார். படிவம் மேஜை மேலேயே இருந்தது. டீ வந்தது. குடிக்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

சான்றிதழ் கிடைத்தது. 'நன்னடத்தை உடையவர்' என்று போட்டிருக்கிறது. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் ஆரம்பித்துவிட்டது, அதனால்தான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

அக்காவின் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி போலீஸ் மனுப் போட்டிருக்கிறது. வக்கீல் நூர்ஜஹான் அம்மா கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்தார். நான்கு நிகழ்ச்சிகளிலும் அக்கா அந்தப் பாட்டை 'வேறு வழிகளில் பாடினார்' என்று மனு சொல்கிறது. ஆதாரமாக நான்கு இணைப்புகள்.

பெனடிக்ட் முதல் தாளைத் திருப்பினான். என்னைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான்.

"இது உன்ற கையெழுத்துத்தான?"

தாள்கள் கை மாறின. என் எழுத்து ஜெராக்ஸில் இன்னும் கறுப்பாக இருந்தது.

"ரைட்டர் ஐயா கேட்டாருங்க. கோப்பை முடிக்கோணும்னு... விதின்னு சொன்னாருங்க."

"அப்படி ஒரு விதி எங்கயும் கிடையாது, கண்ணு" என்றார் வக்கீலம்மா.

பெனடிக்ட் சுவரைக் குத்தினான். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டிப் படிப்பவரைப் போல ஒவ்வொரு தாளாகப் படித்தார். கடைசித் தாளில் ரொம்ப நேரம் நின்றார். "நான் மூச்சு இழுத்ததை நானே இப்பத்தான் பார்த்தாப்ல இருக்குது" என்றார். பிறகு என் தலையில் கை வைத்தார். "வெள்ளந்திப் புள்ளைய ஏமாத்திப்போட்டானுக."

நான் தலையாட்டினேன்.

சின்ராசண்ணனுக்கு அக்கா ஆறு முறை போன் போட்டார். எடுக்கவில்லை.

மார்ச் 1, சனி

வக்கீலம்மா அலுவலகம். ரைட்டர் விதி என்று சொல்லி ஏமாற்றி வாங்கினார் என நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தால், இணைப்புகளின் பலம் போய்விடும் என்றார். "ஆனா ஸ்டேஷன் மேல எழுதிக் குடுக்கறீங்க. வங்கி வேலைக்குப் போலீஸ் விசாரணை ஒண்ணு வரும். அதுல என்ன எழுதுவாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்ல கேட்டுட்டு வாங்க."

வீட்டில் கேட்கவில்லை. தட்டச்சு செய்த தாளை வாங்கிப் படித்தேன். கடைசிப் பத்தியில், 'மேற்படி விவரங்கள் எதற்குப் பயன்படுகின்றன என்பதை நான் எந்தக் கட்டத்திலும் அறியவில்லை' என்று இருந்தது.

அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

இந்த நோட்டிலும் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். ஜனவரி 31, வெள்ளிக்கிழமை. 'கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவரைப் போல.' அது என் வாக்கியம். அக்கா வாசிக்க ஆரம்பித்ததும் மீதியை நான் மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டேன். தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு குமாரபாளையத்தை எழுதிக் கொடுத்தேன். பவானியை எழுதிக் கொடுத்தேன். நடுவில் சின்ராசண்ணனைக் கை காட்டினேன். எல்லோரும் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என் பக்கம் வருவதற்குள் வேறு ஒருவர் வேண்டியிருந்தது. சான்றிதழுக்காக என்று சொன்னால் பாதிதான் உண்மை. எனக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது. எழுதியதை ஒருவர் உட்கார்ந்து படித்து, இன்னும் எழுது என்று சொன்னது பிடித்திருந்தது.

வக்கீலம்மாவிடம் அந்தப் பத்தியை மாற்றச் சொன்னேன்: ஜனவரி 31 அன்று அறிந்தேன், அதன்பிறகும் இரண்டு முறை கொடுத்தேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இதனால தவமணிக்கு ஒண்ணும் கெடுதலில்ல. விதின்னு சொல்லி வாங்கினது வாங்கினதுதான். உங்களுக்குத்தான் கெடுதல். கோர்ட்ல சத்தமா வாசிப்பாங்க."

"இருக்கட்டும்ங்க."

கையெழுத்துப் போட்டேன். அதுவும் அழகாகத்தான் வந்தது.

மார்ச் 5, புதன்

கோர்ட். நீதிபதி வாக்குமூலத்தை அவரே வாசித்தார். கடைசிப் பத்திக்கு வரும்போது நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வரிசை முன்னால் அக்காவின் பின்கழுத்து. அது திரும்பவில்லை.

"நடந்த விவரம் வாங்கணும்னு எந்த உத்தரவுல இருக்கு?" என்று நீதிபதி அரசு வக்கீலைக் கேட்டார். அவர் ரைட்டர் ஐயாவைப் பார்த்தார். ஐயா, "அந்தப் பொண்ணா விருப்பப்பட்டுக் குடுத்ததுங்க" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. டீச்சர் என்றும் சொல்லவில்லை.

மூச்சு விடுவதைப் பாட்டு என்று சொல்ல முடியாது என்றார் நீதிபதி. மனு தள்ளுபடி. ஜாமீன் நிற்கிறது.

வாசலில் பெனடிக்ட் அக்காவின் மகளோடு சேர்ந்து துள்ளிக் குதித்தான். அக்கா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"சின்ராசைச் சொன்னப்பவும் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க்கா."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார். "மேடையில மந்திரியிலிருந்து கலெக்டர் வரைக்கும் திட்டியிருக்கறேன். உன்னத் திட்ட ஒரு வார்த்தை வருதான்னு பார்க்கறேன், வர மாட்டேங்குது." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினார். "பிரதி இனிமே பெனடிக்ட்டு எழுதுவான். நீ சின்ராசு வீட்டுக்குப் போ. போன்ல சொல்லாத. நேர்ல போ."

மார்ச் 6, வியாழன்

காலை ஒன்பது மணி பஸ்ஸில் போனேன். சின்ராசண்ணன் வீட்டு வாசலில் மேளக் குழுவின் வேன் நின்றது. அவர் ஜரிகை வேட்டியோடு, நெற்றியில் சந்தனத்தோடு செண்டையை ஏற்றிக்கொண்டிருந்தார். வேனில் இருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

அங்கேயே, அவர்கள் முன்னால், எல்லாவற்றையும் சொன்னேன். தேதியோடு சொன்னேன்.

செண்டையின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டார். "ஸ்டேஷன்ல சேர் போட்டாங்களா உனக்கு?"

"ஆமாங்கண்ணா."

"எங்களையெல்லாம் குத்தவெச்சுத்தான் உட்கார வெப்பாங்க." வாரை இன்னும் இழுத்தார். "நான் போனது போகுது. என் பொண்டாட்டி இருவது நாளா என்கூடப் பேசறதில்ல. நான் சத்தியம் பண்ணேன், புள்ளைக மேல பண்ணேன். அவ என்ன கேட்டா தெரியுமா? 'அந்தப் புள்ள காலேஜ் படிச்சது. படிச்ச புள்ள பொய் சொல்லுமா?' அப்படின்னு கேட்டா."

வேன்காரர் ஹாரன் அடித்தார். அண்ணன் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பிறகு கண்ணாடியை இறக்கி, வீட்டின் பக்கம் தாடையைக் காட்டினார்.

"உள்ள இருக்கறா. அவகிட்டச் சொல்லு. அவ நம்பறவரைக்கும் சொல்லு."

வேன் போய்விட்டது. உள்ளே மாவு அரைக்கும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி, "அக்கா" என்று கூப்பிட்டேன்.